எழுப்பி உட்கார வைக்கும் பயிற்சி

குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கும்போதுதான் அவள் கவனித்தாள். இரண்டு மணிக்கட்டுகளும் லேசாகச் சிவந்திருந்தன, யாரோ விரல்களால் சுற்றிப் பிடித்ததுபோல. துண்டு உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை. பிரசவத்திலிருந்தே அவளுக்கு எல்லாம் அப்படித்தான். பிள்ளையின் அழுகை, கணவனின் பேச்சு, அவளுடைய பசிகூட மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோலத்தான் கேட்டது.

பிள்ளைக்கு உடம்பில் பிடிமானம் வரவில்லை. அந்த வயசுப் பிள்ளைகள் தவழ்ந்து வீட்டை இரண்டாக்கும்போது, இவன் போட்டது போட்டபடி கிடந்தான். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தாள். மல்லாக்கப் படுக்க வைத்து, மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல எழுப்பி உட்கார வைக்க வேண்டும். தலை பின்னால் தொங்காமல் கூடவே வர வேண்டும். தினமும்.

அவள் ஒரு நாள்கூடச் செய்யவில்லை.

மறுமுறை வந்த பிசியோ எழுப்பியபோது தலை கூடவே வந்தது. உட்கார்ந்தான். சாயவில்லை.

"சூப்பர்மா! கழுத்து எப்படி நிக்குது பாருங்க. கூட யாராச்சும் இருந்து பண்றாங்களா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. "சோம்பேறிப் பய, இத்தனை நாள் நம்மள ஏமாத்தியிருக்கான்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வாய் மட்டும்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, குழாய்ச் சத்தத்துக்கு அடியில், உள்ளறையிலிருந்து துணி உரசும் ஓசையும் அதையடுத்து மெத்தென்று ஏதோ படியும் ஓசையும், பொறுமைசாலி ஒருவர் அலுக்காமல் செய்யும் வேலையைப்போல, திரும்பத் திரும்பக் கேட்டன. குழாயை மூடிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தாள்.

பிள்ளை பாயில் மல்லாந்து கிடந்தான். கைகள் இரண்டும் மேலே நீண்டிருந்தன. மணிக்கட்டுச் சதை குழிந்திருந்தது. மெல்ல எழுந்தான். தலை கூடவே வந்தது. உட்கார்ந்தான். பிறகு, பதமாக, படுக்க வைக்கப்பட்டான்.

மறுபடியும்.

வேறு யாராயிருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஈரக்கை சொட்டச் சொட்ட நின்றாள். பயத்துக்கு அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. அப்பாடா, யாரோ செய்கிறார்கள். திரும்பிப் போய் மிச்சப் பாட்டில்களைக் கழுவினாள்.

அதன் பிறகு அவன் தவழ்ந்தான். நின்றான். நிற்கும்போது ஒரு கை எப்போதும் தலைக்கு மேலே நீண்டிருக்கும். பார்வை கதவு நிலைக்கும் மேலே எங்கோ போகும். அவளை அவன் ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. அதுதான் உறைத்தது. முதன்முதலாக ஏதோ உறைத்தது.

ஒரு சாயங்காலம் தரையில் முட்டிபோட்டுக் கைகளை விரித்தாள்.

"வாடா தங்கம். அம்மாகிட்ட வா."

திரும்பினான். அவளைப் பார்த்தான். நீட்டியிருந்த கையை இறக்கிவிட்டு ஓரடி வைத்தான். இன்னொரு அடி.

"வா."

நின்றுவிட்டான்.

அண்ணாந்து பார்த்தான். இரண்டு கைகளையும் தூக்கினான். அவளிடம் அல்ல.

பாதங்கள் தரையை விட்டன.

ஆள் உயரத்தில் ஓர் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கால்களை அகட்டித் தொங்கினான். கன்னம் எதிலோ அழுந்தித் தட்டையானது. வெறும் காற்றில், இப்படியும் அப்படியுமாக, அவன் உடம்பு ஆடத் தொடங்கியது. கண்கள் சொக்கின.

அவள் கைகள் விரிந்தபடியே இருந்தன.