வெள்ளிக்கிழமை வாய்க்கால்

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளிவாசல் தெருவில் இருபது புங்கங்கன்றுகள் நட்டபோது, போட்டோவுக்கு நிற்க அறுபது பேர் வந்தார்கள். ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் ஊற்ற வந்தது ஜுவைரியா ஒருத்திதான். அந்தப் போட்டோவில் நானும் இருக்கிறேன், வெட்கக்கேடு!

வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடுகிறது, மழையும் வேண்டிய நேரத்தில் வருவதில்லை, மரம் வளர்த்தால் கொஞ்சமாவது தப்பிக்கலாம் என்று ஈஸ்வரி டீச்சர் சொன்னதை வகுப்பில் எல்லோரும்தான் கேட்டோம். மனதில் வாங்கிக்கொண்டவள் ஜுவைரியா. ஆனால் தெருக்குழாயில் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். ஒரு குடத்தை வைத்துக்கொண்டு இருபது கன்றுக்கு என்ன செய்வாள், பாவம்!

போதாக்குறைக்கு ஆட்டோ ஸ்டாண்டு சீனிச்சாமி மாமா வேறு. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் காய்ந்து கிடக்கும் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு அங்கே ஆட்டோ நிறுத்துவோம் என்றார். தெருவில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகைக்குப் போன தன் அத்தாவுக்காக ஜுவைரியா பள்ளிவாசல் வாசலில் நின்றாள். தொழுகைக்கு முன்னால் எல்லோரும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வார்கள். அந்தத் தண்ணீர் சுவரோரக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் சோப்பு இல்லை. அதுவும் தினமும் ஐந்து வேளை!

உடனே நிர்வாகி அப்துல் ஹமீதிடம் போய்க் கேட்டாள். அவர் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டு, தாராளமாகச் செய் என்றார். அத்தா குழாயைத் திருப்பி வைத்தார். ஜுவைரியா கை கொப்பளிக்க வாய்க்கால் வெட்டினாள். பத்தாவது கன்றுக்குள் தண்ணீர் தீர்ந்துபோனதால் வாய்க்காலையும் அங்கேயே நிறுத்தினாள். ஐந்தாறு நாளில் முதல் பத்துக் கன்றுகள் நிமிர்ந்தன. மீதிப் பத்தும் வெறும் குச்சியாக நின்றன.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகைக்கு முந்நூறு பேர் வருவார்கள் என்பதை அவள் மறந்தே போனாள். பள்ளிவாசல் தெருவிலேயே பிறந்தவள், மறந்தது அதைத்தான்! முந்நூறு பேரின் தண்ணீரும் திரண்டு வந்து, வாய்க்கால் முடிந்த இடத்தில் இருந்த ஆட்டோ ஸ்டாண்டுக்குள் புகுந்தது. நான்கு ஆட்டோக்களும் சேற்றில் நின்றன.

"ஏட்டி, எம்புட்டுத் தண்ணி இது? வண்டிய எப்படி எடுக்க?" என்றார் சீனிச்சாமி மாமா.

ஜுவைரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கண் அந்தத் தண்ணீரைப் பார்த்தது. பிறகு அந்தப் பத்துக் குச்சிகளைப் பார்த்தது.

"மாமா, தண்ணி இங்க நிக்கக் கூடாதுன்னா அது போக வழி வேணும்லா? கடைசிக் கன்னு வரைக்கும் வெட்டிருவோமா?"

மாமாவுக்கு வேறு வழியில்லை. பேன்டை மடித்துவிட்டு இறங்கினார். மற்ற ஓட்டுநர்களும் இறங்கினார்கள். நானும் ஓடினேன். அரைமணி நேரத்தில் தண்ணீர் இருபதாவது கன்றைத் தொட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பத்துக்கு விருந்துதான்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று தெருவே கூடி எண்ணியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது! எல்லாவற்றிலும் பச்சை இலை. ஜுவைரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது சீனிச்சாமி மாமாவின் ஆட்டோ புங்க நிழலில்தான் நிற்கிறது. வேறு ஆட்டோ வந்து ஒண்டினால், "ஏலே, தள்ளி நிறுத்து. இது நாங்க வளத்த மரம்" என்று விரட்டுகிறார்.

ஜுவைரியா அந்தப் பக்கம் வந்தால் மட்டும், "அந்தப் புள்ளயும் கூட இருந்துச்சு" என்று சேர்த்துக்கொள்கிறார்.