புது வளவில் அண்டை வீடு இல்லை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் தன் உயிர் தன்னிடம் நிற்கக் கூடாது என்று, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்து கதிர்வேல் சொன்னது இது. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

அவர் மனைவி சம்பூர்ணம் அலுவலகத்தில் புது இயந்திரத்தின் விசையைத் திருப்பிவிட்டுத் தேநீர்ப்பொறி முன் போய் நின்றாள். “இறந்தோருக்குத் தேநீர் வழங்குவதில்லை. ஆழ்ந்த இரங்கல்” என்றது பொறி.

கோயமுத்தூரில் அப்போது எந்தக் கதவும், பேருந்தும், அடுப்பும் ஆளைக் கண்டதும் முதலில் உயிர்ச்சான்றுச் செயலியைத்தான் கேட்கும்: ‘இவர் உயிரோடு இருக்கிறாரா?’ ஒரு காலத்தில் ஓய்வூதியக்காரர்கள் மட்டும் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து நிரூபித்துவிட்டுப் போன சங்கதி. பிறகு எல்லோரும், எப்போதும், எல்லாவற்றிடமும் நிரூபிக்க வேண்டியதாயிற்று. செயலி, ஜாவா என்கிற பழைய கணினி மொழியில் எழுதியது. அது இருந்ததோ ஒரு செயலி வளவில். பல செயலிகள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்து, மின்சாரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய இயந்திரம் அது. அந்த வளவு இற்றுப்போனதால், செயலியைப் புது வளவுக்குக் குடிமாற்றும் வேலை சம்பூர்ணத்திடம் வந்தது. சட்டி பானை ஒன்று விடாமல் எடுத்து வைத்தாள். சோதனையில் பச்சை விளக்குத்தான் எரிந்தது. ஆனால் சோதனைக்கு வைத்தவர்கள் எல்லாம் கற்பனை ஆட்கள்; அவர்களுக்கு வந்த பதில்களும் கற்பனை.

“ஏனுங்ணா, இந்தச் சனியன் நான் செத்துட்டேங்குது!”

பழைய வளவைப் பல காலம் பார்த்துக்கொண்ட நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பொறி அவருக்கும் இரங்கல் தெரிவித்தது. சிரிப்பு நின்றது.

“நானும் போயிட்டனாட்டிருக்குது அம்மிணி. கீழ ரோட்டப் பாரு.”

பேருந்துகள் நடுவழியில் ஆட்களை இறக்கிவிட்டு நின்றிருந்தன. கடைக்கதவுகள் மூடிக்கொண்டன. அமரர் ஊர்திகள் மட்டும், ஓட்டுநர் இல்லாமல், வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தன.

சம்பூர்ணம் கட்டுப்பாட்டுத் தட்டில் கையை வைத்தாள். இறந்தவர் கை செல்லாது என்றது அது. அந்த நேரம் பார்த்து அவள் தொலைபேசி பேசியது.

“அமரர் ஊர்திச் சேவை. தங்கள் கணவர் கதிர்வேல் எங்கள் வண்டியில் அமைதியாக வந்துகொண்டிருக்கிறார்.”

“அமைதியாவா?” பின்னாலிருந்து அலறல் கேட்டது. “ஏ புள்ள! பல்லப் புடுங்கப் போனவன, பாதியில நிறுத்திப்போட்டு அந்த மெசினு கும்புடுதுடி! வாயில பஞ்சு வேற!”

“எங்க இருக்கறீங்க?”

“மயானத்து வாசல்ல. எனக்கு முன்னால ரெண்டு பேரு. அவங்களும் கத்தீட்டுத்தான் இருக்கறாங்க.”

சம்பூர்ணம் நாச்சிமுத்துவிடம் திரும்பினாள். “அண்ணா, பழைய வளவுல இதுக்குப் பக்கத்து வூட்டுல என்ன இருந்துச்சு?”

“மயானத்துச் செயலிதான் அம்மிணி. அதைய அடுத்த மாசம் மாத்தறதாப் பேச்சு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. உயிர்ச்சான்றுச் செயலிக்குச் சாவென்றால் என்னவென்றே சொந்தமாகத் தெரியாது. இத்தனை காலமும் காப்பித்தூள் கடன் வாங்குகிற மாதிரி பக்கத்து வீட்டை எட்டிக் கேட்டிருக்கிறது: ‘இன்னார் உங்களிடம் வந்தாரா?’ இல்லை என்றால் ஆள் உயிரோடு. புது வளவில் பக்கத்தில் ஆளே இல்லை. அதற்கும் செயலியில் ஒரு வரி இருந்தது. மூட்டை கட்டும்போது பார்த்தவள்தான், கிடக்கட்டும் என்று விட்டிருந்தாள்: ‘பதில் வராவிட்டால், இறந்ததாகக் கொள்க.’ ஓய்வூதியத்தை நிறுத்திப் பழகிய கை எழுதிய வரி.

“மயானத்துச் செயலியையும் உடனே புது வளவுக்கு மாத்தோணும். நம்ம கைய எதுங்ணா ஒத்துக்கும்?”

நாச்சிமுத்து கீழே வாசலைப் பார்த்தார். அவர்களுக்கான ஊர்தி பணிவாகக் கதவைத் திறந்து வைத்திருந்தது. “செத்தவங்க கைய ஒத்துக்கற மெசினு ஊருக்குள்ள ஒண்ணுதான் அம்மிணி.”

ஏறிப் படுத்தார்கள். உட்கார இடம் வைக்கவில்லை.

மயானத்து வாசல்தட்டில் இருவரும் கையை வைத்ததும், ‘வருக’ என்று திரை திறந்தது. உள்ளே கதிர்வேல் படுத்திருந்த தட்டு உலையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் இருந்த இருவரும் எகிறிக் குதித்துக் கூரைச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கதிர்வேலுக்கு மூட்டுவலி.

“வெரசாப் புள்ள! உள்ளங்கால் சுடுது!”

அந்தத் திரையிலேயே சம்பூர்ணம் மயானத்துச் செயலியை அவிழ்த்து, கட்டி, புது வளவுக்கு அனுப்பினாள். தட்டு நின்றது. வெளியே ஊரெங்கும் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. செத்துக் கிடந்த சனம் சட்டையை உதறிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தது. கருகிய செருப்போடு இறங்கிய கணவரைக் கட்டிக்கொண்டு சம்பூர்ணம் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“அழுகாச்சிய அப்பறம் வெச்சுக்க. ஒரு டீ வாங்கிக் குடு,” என்றார் அவர்.

தெருமுனைப் பொறி அவளைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. நாச்சிமுத்துவையும் பார்த்தது.

“ஆழ்ந்த இரங்கல்.”

புது வளவில் அண்டை வீட்டார் இப்போது உடனுக்குடன், துல்லியமாகப் பதில் சொல்கிறார்கள்: இந்த மூவரும் மயானத்துக்கு வந்தார்கள், வாசலில் கைரேகை வைத்தார்கள். திருத்தக் கோரி அலுவலகத்துக்குப் போனால், விண்ணப்பத்தோடு உயிர்ச்சான்று இணைக்கச் சொன்னார்கள்.

தன் உயிர்மேல் சத்தியம் செய்து இதையெல்லாம் சொன்ன கதிர்வேல், அரசுப் பதிவின்படி, சொல்வதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தகனம் செய்யப்பட்டவர்.