கரடி மேல் ஒட்டிய சிவப்பு அம்பு

அடித்தது ஒரே ஒரு காற்றுதான்... மேல்பட்டி தாண்டியதும் சாரலோடு ரயில் ஜன்னலில் புகுந்த அந்தக் காற்று, ஜெபசீலன் மடியில் விரித்து வைத்திருந்த அறுபது கார்டுகளையும் பெட்டி முழுக்க வாரி இறைத்துவிட்டது.

"ஐயோ... என் கரடி!"

எதிரே கண்ணயர்ந்திருந்தவள் திடுக்கிட்டு விழித்தாள். பெரிய கண்கள். இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. ஜெபசீலனுக்குக் கரடி மறந்தே போனது.

"கரடியா? இன்னாங்க சொல்றீங்க?"

அது இரண்டாயிரத்து இரண்டு, ஐப்பசி மாதம். ரயிலில் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத காலம். என்ன நல்ல காலம்!

அவன் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் வரைபவன். ஷூ வாங்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர் விட்டுப்போன கார்டு பாக்கெட்டைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம். கார்டுகளைச் சேர்த்து, பிடித்ததைப் பொறுக்கி, சொந்தமாக ஒரு கட்டு அமைத்து மோத வேண்டும். அதேபோல் ஷூ டப்பா அட்டையில் ஏலகிரிக் கரடி, பாலாற்று முதலை, வேலூர் வெயில் என்று அவனே வரைந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பலம், அதை ஆட்டத்தில் இறக்க இத்தனை துளி தண்ணீர் என்று ஒரு விலை. பெங்களூர் பொம்மைக் கம்பெனி ஒன்று, டிசம்பர் இருபதுக்குள் முழு கட்டும் வந்தால் பார்க்கலாம் என்று கடிதமும் போட்டிருந்தது.

அவள் கரடியைக் குனிந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத இறக்க ஒரு துளி தண்ணி குடுத்தா போதுமா? பலம் ஒம்பதா? அப்போ கரடி யார் கைக்கு வருதோ அவங்கதானே ஜெயிப்பாங்க... மீதி அம்பத்தொம்போது எதுக்குங்க, விசிறிக்கவா?"

மூன்று மாத உழைப்பு! அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். கரடியின் தொப்பையில் ஒரு குட்டி சிவப்பு அம்பு.

"ரிஜெக்ட்!"

அவள் பெயர் ஃபீபி. வேறொரு ஷூ கம்பெனியில் செக்கர். தையல் விட்ட இடம், தோல் சுருங்கிய இடம் என்று எங்கே குறையோ அங்கே அம்பு ஒட்டுவதுதான் அவள் வேலை.

அன்றிரவெல்லாம் அவனுக்குக் கோபம். காலையில் கணக்குப் போட்டுப் பார்த்தால்... அவள் சொன்னது சரி. மறுநாள் மாலை அதே பெட்டியைத் தேடிப் போனான்.

"வெளாடிப் பாத்துட்டு சொல்லுங்க மேடம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவளுடைய டிபன் பைதான் மேஜை. காட்பாடி போய்ச் சேருவதற்குள் இரண்டு ஆட்டம். லத்தேரி சிக்னலில் வண்டி நின்றால் மூன்று. சிக்னலை வாழ்த்திய ஒரே பயணி அவன்தான். அவள் அம்பு ஒட்டுவாள்... அவன் வீட்டில் திருத்தி வரைவான்... மறுநாள் அவள் மறுபடி ஒட்டுவாள்.

டிசம்பர் வந்தது. ஒருநாள் கரடி அவள் கைக்கு வந்தது. இறக்க... மறுபடியும் ஒரே ஒரு துளி.

ஃபீபி கார்டுகளைக் கீழே வைத்தாள்.

"ஒருவாட்டி தப்பு வந்தா கை தவறிடுச்சுன்னு விடலாம். அதே எடத்துல நாலாவது வாட்டி வந்தா? வேணும்னே பண்றீங்களா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நேத்து சரியா இருந்தது இன்னைக்கு தப்பா இருக்கேன்னு, என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேங்க. லீவு போட்டு ஆஸ்பத்திரில கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்! எனக்குச் சோறு போடறதே இந்தக் கண்ணுதான்... அதப் போய் பேஜார் பண்ணிட்டீங்களே."

அந்தக் கண்கள் நிறைந்திருந்தன. குடியாத்தத்தில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு லேடீஸ் பெட்டிதான். அவன் ஏறினால் ரயில்வே போலீஸ் பிடிக்கும்... அது தெரிந்துதான் ஃபீபி அங்கே ஏறினாள்.

பத்தொன்பதாம் தேதி, ஆம்பூர் பிளாட்பாரம். லேடீஸ் பெட்டி ஜன்னலில் மூச்சு வாங்க வந்து நின்றான் ஜெபசீலன். கம்பி வழியாகக் கார்டுக் கட்டை நீட்டினான்.

"காட்பாடி தபாலாபீஸ்ல இன்னைக்கு போட்டாதான் நாளைக்கு பெங்களூர் போகும். நீங்க ஓகே சொல்லாம அனுப்ப மாட்டேன்."

"போவாட்டி உங்களுக்குத்தான் நஷ்டம்."

"தெரியும்."

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரடிக்கு ஏழு துளி. முதலை சரி. வெயில் சரி. விரல் நின்றது.

"அறுபத்தொண்ணு இருக்கு."

கடைசிக் கார்டில் மிருகமில்லை. ஒரு ரயில் ஜன்னல், அருகில் எதிரெதிராக இரண்டு பேர், நடுவில் டிபன் பை. கீழே அவன் கையெழுத்து: 'இதைத் தனியாக இறக்க முடியாது. எதிரில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும்.'

"ஆட்டம் சரியாய்ட்டா நீங்க எதுக்கு வரப்போறீங்கன்னு பயம்... அதான் தப்பு தப்பா வரஞ்சேன். உங்க கண்ண சந்தேகப்பட வெச்சது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு ஃபீபி. ரொம்ப..."

அவள் பையைத் திறந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். அவன் முகம் வாடிவிட்டது.

கம்பிக்கு வெளியே கை வந்தது. சிவப்பு அம்பு ஒட்டியது கார்டில் இல்லை... அவன் சட்டைப் பையின் மேல்.

"ரிஜெக்டா?"

"ஆமா. ரிஜெக்ட் பீஸ வெளிய அனுப்ப மாட்டோம். எங்ககிட்டயேதான் வெச்சுக்குவோம்."

வண்டி விசில் ஊதியது. அவள் டிபன் பையோடு இறங்கி ஓடிவந்தாள்.

"பாத்துட்டே நிக்கறீங்களே... அடுத்த பெட்டியில ஏறுங்க! காட்பாடிக்குள்ள ஒரு ஆட்டம் போடலாம்."

பெங்களூர்க்காரர்கள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை, அழகான நன்றிக் கடிதத்தோடு அறுபது கார்டுகளும் திரும்பி வந்தன. அறுபத்தொன்றாவது ஃபீபியின் பையை விட்டுப் போகவே இல்லை. அந்தச் சட்டையை மட்டும் ஜெபசீலன் இன்றுவரை துவைக்கக் கொடுத்ததில்லை.