சர்க்கரை போட்ட கிணறு

"உன்னை யாரு அந்தச் சர்க்கரையைக் கிணத்துல—"

"வீட்டுக்கு வரத்தானே செஞ்சேன், அதைக் கொஞ்சம்—"

"—கொட்டச் சொன்னா, ரெஜினா?"

"—காது குடுத்துக் கேளுங்களேன்!"

நடுக்கடல் எண்ணெய் மேடையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு, பழைய செயற்கைக்கோள் இணைப்பில், குரல் போய்ச்சேர மூன்று நொடி. ஆகவே ரெஜினாவும் அவள் கணவர் அமலதாசும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறித்தான் சண்டை போடவேண்டியிருந்தது.

மேடையில் அவளைத் தவிர யாருமில்லை. எண்ணெய்த் தொழிலுக்கு ஆள் வருவது நின்று பத்தாண்டு ஆகிறது. காவலின்றி விட்டால் கிணறு பீறிட்டுக் கடலைக் கெடுத்துவிடும். மேலே வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீரானால்தான் அதை அடைத்துவிட்டுப் புறப்படலாம் என்பது மேடைவிதி. ஏழு வருடமாகத் தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. பாறை இடுக்குகளில் எண்ணெய், கழுவாத மீன்சட்டிப் பிசுக்குப்போல ஒட்டிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வந்தது.

சர்க்கரையையும் தேங்காயெண்ணெய்க் கொழுப்பையும் இணைத்து ரெஜினா சோப்புபோல அழுக்கைக் கழற்றும் ஒரு நுரைமம் சமைத்தாள். கடல்நீரில் கலந்து கீழே செலுத்தினால் பிசுக்கு மொத்தமாகக் கழன்று வந்துவிடும். மிச்சம் வெறும் தண்ணீர், பெட்டியைக் கட்டலாம்.

"கழண்டுச்சா?"

"கொட்டுதுங்க. தண்ணி நூத்துக்கு நாப்பதுக்கு இறங்கிடுச்சு."

"அப்ப ஊத்துறத நிறுத்தேன்!"

"நிறுத்தி ஆறு மாசமாச்சு. பாறைக்குள்ள நுண்ணுயிருங்க இருந்திருக்கு. சர்க்கரையைத் தின்னு பெருகிடுச்சு. அது தீந்ததும் எண்ணெயையே தின்னு, அதுங்களே நுரைமம் காய்ச்சுது."

"எனக்கு ஒரு ரசம் வைக்க ஆளக் காணோம். கடலுக்கடியில கோடிப்பேருக்குப் பாயசம் வச்சிருக்க!"

ரெஜினா சிரித்துவிட்டாள். இந்த மேடையில் சிரித்து எத்தனை நாளாயிற்று. அவர் சிரிக்கவில்லை.

"பெரியவன் டிக்கெட் அனுப்பிட்டான். கனடாவுக்கு. பதினெட்டாந்தேதி. போனா இனிமே அங்கதான். இந்த மங்குன கண்ண வச்சுக்கிட்டுத் தனியா அடுப்புப் பத்தவைக்க முடியல, ரெஜி."

"தெரியுதுங்க."

"நீ வர்றேன்னா நான் போகல. ரெண்டு வருஷம்னாலும் சரி, மூணுன்னாலும் சரி, இங்கயே கெடக்கேன். அந்த எண்ணெய் எதுவரைக்கும் வரும்? அத மட்டும் சொல்லு."

கணிப்பான் திரையில் நாற்பத்தொரு ஆண்டு என்று இருந்தது. ரெஜினாவுக்கு ஐம்பத்தெட்டு நடக்கிறது. குறைத்துச் சொல்லலாமா என்று யோசித்தாள், வாய் வரவில்லை.

"எனக்கப்புறமும் வரும்ங்க."