ஒப்பீட்டு நாற்காலி

காபி இறங்குவதற்குள் விரல் வைத்துவிட வேண்டும் என்பது ஆவுடை வீட்டு வழக்கம். சமையலறைச் சுவரிலிருக்கும் குறிகைப்பெட்டியில் ஆள்காட்டி விரலை அழுத்தினால், உடம்பின் காவல் செல்களுக்கு அன்றைய பாடம் போய்ச் சேரும். எது நல்ல செல், எது புற்றுநோய் செல் என்று அவை பிரித்துப் பார்க்கும். சில மாதம் விட்டுவிட்டால் படித்ததெல்லாம் மறந்துபோகும். பாளையங்கோட்டையில் பல் துலக்காதவர்கள்கூட உண்டு. விரல் வைக்காதவர் ஒரே ஒருவர்தான், பேட்டரி பழுது பார்க்கும் தேவசகாயம்.

அவர் வெள்ளிதோறும் ஆவுடையின் ஆய்வகத்துக்கு வந்து, பாடம் ஏறாதவர்களுக்கென்று இருக்கும் ஒப்பீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் கொடுப்பார். காவல் செல் நெருங்கும்போது புற்று செல், 'நான் நம்ம ஆள்தான்' என்று ஒரு பொய் அடையாளத்தை நீட்டும். அந்தப் பொய் மாறிக்கொண்டே இருப்பதால் பாடத்தையும் ஆண்டுதோறும் திருத்தியாக வேண்டும். பாடம் ஏறிய உடம்பில் பொய் முளைவிடுமுன்பே அழிந்துவிடும். பாடம் ஏறாத உடம்பில்தான் அதைப் பிடிக்க முடியும். அப்படி இருந்த மற்றவர்கள் நோய் வந்துவிடுமோ என்று பயந்துபோய் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பெட்டியைக் கண்டாலே பயம் என்பதாலும், ஆவுடை கேட்டுக்கொண்டாள் என்பதாலும் தேவசகாயம் மட்டும் தங்கிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை உதவியாளர் ரிஸ்வானா உதட்டைப் பிதுக்கினாள்.

"மெஷின் கோளாறு மேடம். திருப்பித் திருப்பிக் கட்டி இருக்குன்னே காட்டுது."

கோளாறு மெஷினில் இல்லை. வளர்ந்த புற்று எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் எவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஆவுடையின் பெயரில் எழுபது கட்டுரைகள் இருந்தன. ஒன்றில்கூட அவள் கண்ணால் பார்த்த கட்டி கிடையாது. தேவசகாயத்தின் கழுத்தைத் தடவினாள். புளியங்கொட்டை அளவில் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி இப்பிடி மலர்ந்து போச்சு?" என்றார் தேவசகாயம்.

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னைக்கே விரல் வச்சா கரைஞ்சிரும். ஆனா அப்புறம் நீங்க தெனமும் வைக்கணும், இந்த நாற்காலிக்கு உதவ மாட்டீங்க."

"அப்ப வாற வருசத்துப் பாடம்?"

"வேற ஆள் கெடைக்கலன்னா எழுத முடியாது."

அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்பமா? இத்தன வருசம் படிச்சிருக்கிய. ஒங்களுக்கும் பாத்த மாதிரி இருக்கும்லா."

'சரி' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. உயிரோடிருக்கும் எந்த விஞ்ஞானியும் பார்க்காததை அவள் பார்க்கலாம். அவரே மனமுவந்து சொல்கிறார், விதிமுறையும் தடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்தால் ஆள் பிழைப்பாரா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தன்மேலேயே எரிச்சல் பொங்கியது. எழுந்துபோய், அவர் கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலைத் தானே ஆய்வகச் சுவரிலிருந்த பெட்டியில் அழுத்தினாள்.

"சில்லுன்னு இருக்கே," என்றார் அவர். "இதுக்கா இத்தன நாள் பயந்துகிட்டுக் கெடந்தேன்!"

மறுநாளே அறிவிப்பு போட்டார்கள். விரல் வைப்பதை நிறுத்தச் சம்மதிக்கும் ஒருவர் தேவை, ஊர் முழுவதும் நன்றியுடன் இருக்கும் என்று. ஊர் நன்றியுடன் படித்தது. ஒருவரும் வரவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் நாற்காலி காலியாகக் கிடந்தது. ரிஸ்வானா அதன்மேல் தன் கைப்பையை வைக்கத் தொடங்கினாள். மூன்றாம் வாரம் ஆவுடை அந்தக் கைப்பையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"மேடம்?" என்றாள் ரிஸ்வானா.

"குத்தும்மா."

மறுநாள் காலை வழக்கம்போல் காபி இறங்கியது. ஆவுடை பெட்டியைக் கடந்துபோய் டம்ளரை எடுத்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் செண்பகம் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அம்மா, விரல் வச்சாச்சா?"

"வச்சாச்சு," என்றாள் ஆவுடை.

மகள் அதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.