சத்தம் போடாமல்தானே வந்தேன்!

“அந்த ரூம் பக்கம் நீ எட்டிக்கூடப் பாக்காதே! உன் ராசி என் பொண்ணுக்கும் ஒட்டிக்கப் போகுது!”

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் மாமியார். மருமகள் கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். விடியுமுன் அந்த அறையைக் கூட்டித் துடைத்தவள் அவள்தான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி மேஜையைத் திருப்பிப் போட்டவளும் அவள்தான். இன்று பரீட்சை எழுதப்போகும் நாத்தனாருக்கு உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தது யாராம்? ஆனால், ராசியில்லாதவள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் என்ன செய்து என்ன!

போன வருடம் இதே பரீட்சையை அவளும் எழுதினாள். கல்லூரி வாசலை மிதிக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டு, சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்குத் தயார் செய்யும் ஒரு பயிற்சி மையத்தின் பரீட்சை அது. பகலெல்லாம் கிடங்கில் பெட்டி ஒட்டிவிட்டு, மாலையில் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் படித்தாள். வகுப்பில் அவள்தான் முதல். பாஸ் செய்தால் வேலை கையில். கடைசிப் பரீட்சையை மட்டும் வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுத வேண்டும். அதில்தான் பாதியில் எழுந்து வெளியே வந்தாள்.

“முடிஞ்சுபோச்சு” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

கணவனுக்கு அது போதாதா? “கேள்வியப் பாத்ததும் தொடை நடுங்கி ஓடி வந்துட்டா!” என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். மாமியாரும் சேர்ந்து ஒத்து ஊதினாள். அவள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு மறுபடி கிடங்குக்கே போனாள். பாவி, ஒருநாளாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா!

நாத்தனார் தலையை வாரிக்கொண்டே அறைவாசலுக்கு வந்தாள்.

“அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. நான் கதவச் சாத்தினதும் யாரும் உள்ள வரக்கூடாது.”

“தெரியும்டி. சத்தம் போடக்கூடாது. போன தடவையே உங்க அண்ணி சொன்னாளே.”

“சத்தம் மட்டும் இல்லம்மா! இன்னொரு முகம், ஒரு கை கேமராவில தெரிஞ்சாலே போச்சு. யாரோ பக்கத்தில இருந்து சொல்லிக்குடுக்கறாங்கன்னு பரீட்சை தானா மூடிக்கும். மறுபடி எழுதவும் விடமாட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்!”

மாமியாரின் முகம் வெளுத்தது.

“ஒரு நிமிஷம் வந்துட்டு... உடனே போயிட்டாக்கூடவா?”

“ஒரு நொடி போதும்மா.”

“வேர்வையத் தொடச்சு விட்டாக்கூடவா...?”

“இது என்ன கேள்வி?” என்று சொல்லிவிட்டு மகள் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

மாமியார் மெல்லத் திரும்பினாள். மருமகள் அவசரமாகக் குனிந்து, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கத் தொடங்கினாள். கிழவி துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

“என்னைப் பாருடி... அன்னிக்கு நான்தானே வந்தேன்? உனக்கு வேர்வை தண்ணியாக் கொட்டிச்சே... மனசு கேக்காம வந்து தொடச்சேனே...”

“மெதுவா, அத்தை! உள்ள கேக்கும்.”

“சத்தம் போடாதீங்கன்னுதானே சொன்னே... சத்தம் போடாமதானே வந்தேன்! செருப்பைக்கூடக் கழட்டிட்டு வந்தேனே!”

அழுகை பீறிட்டது. ஆனால் வாய்விட்டு அழ முடியாதே, உள்ளே மகளின் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது! புடவையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். மருமகள் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“என் கையைத் தட்டிவிட்டிருக்கலாமேடி, பாவி!”

“மனசு வரலை அத்தை... இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நீங்க என்னைத் தொட்டது அன்னிக்குத்தான்.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா உங்க பிள்ளை உங்களைச் சும்மா விடுவாரா? நீங்க பாசமா செஞ்ச ஒரே காரியம்... அதைப் போய்க் குத்தமாச் சொல்லச் சொல்றீங்களா?”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள், அதுவும் ஓசை எழாமல்.

“நான் வர்றேன். அந்த மையத்துக்காரங்க கால்ல விழறேன். என் தப்புன்னு சொல்றேன்!”

“போயிட்டு வந்துட்டேன் அத்தை. அந்த டீச்சர் என் கூடச் சேர்ந்து அழுதாங்க. மூடினது ஆள் இல்லியே... மெஷின். யார் கால்ல விழுவீங்க?”

 

அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே வந்தான். “என்ன, தங்கச்சியாவது உக்காந்து எழுதறாளா? இல்ல, அண்ணி மாதிரி அவளும்...”

முடிக்கவில்லை. மாமியார் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

“அவ ஓடலைடா. நான்தான் கெடுத்தேன்... உன்னைப் பெத்தவ கெடுத்தேன். ஒரு வருஷமா என்னைக் காட்டிக்குடுக்காம உன் கிட்ட ஏச்சு வாங்கினாடா!”

காதோடு காதாக அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை தொங்கிப்போயிற்று. மனைவியின் பக்கம் பார்க்கத் துணிவு வரவில்லை. எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்! ஒவ்வொருவரையும் தேடிப்போய் இப்போது என்ன சொல்வான்?

“நான்... எனக்குத் தெரியாம...”

“பரவாயில்லை” என்றாள் அவள். சொல்லிவிட்டால் பரவாயில்லை என்று ஆகிவிடுமா? அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தைக்காக ஏங்கிய இரவுகள் எத்தனை! வந்தும் என்ன? போன பரீட்சை போனதுதான். சாகும்வரை பெட்டி ஒட்டத்தான் போகிறாள். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அழுகைகூட வரவில்லை.

மணி ஆகிவிட்டது. கிடங்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கணவன் வண்டிச் சாவியோடு பின்னாலேயே ஓடி வந்தான்.

“இரு... நான் கொண்டுபோய் விடறேன். இனிமே தினமும் நானே விடறேன்.”

அவள் சாத்திய கதவை ஒருமுறை பார்த்தாள்.

“வேண்டாங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. உள்ள அவளுக்குக் கேக்கும்.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்தாள்.