பன்னிரண்டு பேரும் திரும்பினால்

வெளிநாளன்று காலையில் எங்கள் லாண்டரியில் டிபன் கிடையாது. டீ கூடக் கிடையாது. முதலாளி கையால் ஒரு வாய் வாங்கித் தின்றாலும் அந்த நன்றிக்கே ஆள் திரும்பி வந்துவிடுவார் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆறு மணிக்குக் கேட் திறக்கும். மணிக்கட்டில் இருக்கும் பணிப்பட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். துணிமணி, டம்ளர், சோப்பு டப்பா என்று நமக்குச் சொந்தமான எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வண்டியில் ஏற வேண்டும். தலையணைக்கடியில் ஒரு சீப்பு கிடந்தாலும் வண்டி கிளம்பாது. சீப்பை எடுக்கத்தான் வந்தேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாதாம்.

வண்டிக்கு ஓட்டுநர் இல்லை, தானோட்டி. எங்களைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுக் காலியாகப் போய்விடும். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப வந்து மணி அடிக்கும். ஏறினால் பழைய வேலை. ஏறாதவர்களுக்கு அரசாங்கத்தின் மாறுவீட்டில் ஓர் அறையும் சாப்பாடும் உண்டு, வேறு வேலை தேடினாலும் தேடாவிட்டாலும். நாலு மாதத்துக்கு ஒரு முறை இப்படி.

ஆஸ்பத்திரிகளுக்குத் துப்புரவும் சலவையும் செய்து கொடுக்கும் பெரிய சேவை நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் துணி வெளுக்கிறோம். துவைப்பதும் காயவைப்பதும் எந்திரக் கைகள்தான். ஆனால் படுக்கை விரிப்பின் ஓரத்தில் மறந்து போன ஊசியை விரல்தான் கண்டுபிடிக்கும். அதற்காகப் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறோம். அந்த நிறுவனத்துக்குத் துடைப்பம் கட்டுகிற இடத்திலும், எங்களுக்குச் சோப்புத்தூள் அனுப்புகிற இடத்திலும் இதே வெளிநாள்தான்.

முன்பெல்லாம் அதிகாரிகள் வந்து கேள்வி கேட்பார்கள். நான் பத்தொன்பது வருடம் ஓர் அரிசி மில்லில் கொத்தடிமையாக அடைபட்டுக் கிடந்தவள். மூன்று முறை அதிகாரி வந்தார். மூன்று முறையும் "நல்லா இருக்கோம் சார்" என்றேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேஸ்திரி நின்றிருந்தான். என்னைப் போன்றவர்கள் சொன்ன பொய்யால்தான் இப்போது உள்ளே இருப்பவர்களின் வாயை யாரும் கேட்பதில்லை. காலறி என்ற கணினி கால் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கிறது. தடையில்லாத இடமென்றால் கல்யாணமோ, சண்டையோ, ஊர் ஏக்கமோ, மூன்று வெளிநாளுக்குள் ஒருவராவது திரும்பாமல் போவார் என்பது அதன் கணக்கு. மூன்று முறையும் எல்லோரும் திரும்பினால் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்று விசாரணை வரும். அது முடியும்வரை துணி வராது. ஒரு வருடமாவது இழுக்கும்.

இரண்டு முறை பன்னிரண்டு பேரும் திரும்பிவிட்டோம். இது மூன்றாவது.

முதலாளி நாசர் பாய் கேட்டருகே நின்றார். "ஒருத்தராவது போங்கம்மா" என்றால் குற்றம். "போகாதீங்க" என்றாலும் குற்றம். அதனால் மேலே பார்த்து, "மழை வரும் போல இருக்கு" என்றார். வானம் வெள்ளையாகக் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டில் இட்லி தின்றுவிட்டு வட்டமாக உட்கார்ந்தோம். ரெஜினாதான் ஆரம்பித்தாள். எங்களில் வாய் நீளமானவள் அவள்.

"ஒருத்தி போனா பதினோரு பேருக்கு வேலை நிலைக்கும். வேதவல்லி, நீ போயேன். உன் குறட்டை இல்லாம நாங்களும் தூங்குவோம்."

"நான் போனா உனக்கு யாருடி தலை பின்னுவா?"

"மொட்டை போட்டுக்கறேன்."

சிரித்து முடிந்ததும் வேதவல்லி, "சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாமா?" என்றாள். ரெஜினா அதற்குள் காகிதத்தைக் கிழித்து மடித்துவிட்டாள். "பச்சையக்கா, நீ எடு. ராசியான கை."

நான் எடுக்கவில்லை. "சீட்டு வந்து போறவ, தன் இஷ்டத்துக்குப் போனவளா?"

"காலறிக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் பயம். மில்லுல எங்க வாய்க்குப் பொய் சொல்லப் பழக்கினாங்க. கால்லயும் பொய் சொல்லலாம்னு நாம வழி காட்டிட்டா, நாளைக்கு அந்த மாதிரி ஒருத்தன் ஒரு ஆளை வெளிய அனுப்பிட்டு மீதிப் பேரை உள்ள பூட்டிக்குவான்."

"அப்ப எல்லாரும் ஏறிப் போய் வேலையத் தொலைக்கலாம்ங்கறே."

ரெஜினா காகிதங்களை ஊதிப் பறக்கவிட்டாள். பிறகு, "நாம ஏன்தான் திரும்பித் திரும்பி வர்றோம்? வேதா, நீ சொல்லு" என்றாள்.

"பக்கத்துலயே பையன் படிக்கிறான். பாயும் கத்த மாட்டாரு."

"எனக்குச் சண்டை போட ஆள் வேணும். அக்கா, நீ?"

யோசித்துப் பார்த்தேன். "மணி அடிக்குது, ஏறுறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சொன்னது என் காதிலேயே நின்றது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. மணி அடித்தது. மூட்டை என் இடுப்பில் இருந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. மில்லில் சங்கு ஊதினால் இப்படித்தான், கண் திறப்பதற்குள் கால் தரையில் இருக்கும். மில்லை மூடிப் பதினேழு வருடமாகிறது.

உட்கார்ந்துகொண்டேன்.

மற்றவர்கள் ஏறினார்கள். ரெஜினா படியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"எங்களுக்காக இப்படிப் பண்ணாதே. சீட்டு வேணாம்னு நீதானே சொன்னே?"

"உங்களுக்காக இல்லடி. எனக்கு அலுப்பா இருக்கு."

"இன்னிக்கா?"

"முப்பத்தாறு வருஷமா. இப்பத்தான் கேட்டே, இப்பத்தான் தெரிஞ்சது."

விரிப்பின் ஓரத்தைத் தடவுவது போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஊசி எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது.

"ஜன்னல் பக்கத்து மேஜை எனக்குத்தான். வேதாவுக்குத் தரமாட்டேன்."

"எடுத்துக்கோ."

அவள் ஏறினாள். வண்டி பதினோரு பேருடன் போயிற்று. பாயைப் பற்றிக் காலறி சந்தேகப்பட்டிருந்தால் தப்பு. என்னைப் பற்றிச் சந்தேகப்பட்டிருந்தால் தப்பில்லை. எந்தப் பூட்டும் இல்லாமல் நானே உள்ளே இருந்திருக்கிறேன்.

மாறுவீட்டில் ஒரு திரை என்னிடம் கேட்டது: போகச் சொன்னது யார்? யாருமில்லை என்றேன். அடுத்து என்ன வேலை வேண்டும்? இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். திரை அதற்கு மேல் கேட்கவில்லை. வாரக் கடைசியில் வந்த ரெஜினா, லாண்டரிக்குத் துணி எப்போதும் போல வருகிறது, பாய் எல்லோருக்கும் பிரியாணி போட்டார் என்றாள். எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள்.

மாறுவீட்டில் முதல் நாள் காலையில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்தேன், புடவை கட்டினேன், கொண்டை போட்டேன், கட்டிலில் நேராக உட்கார்ந்தேன். எந்த மணியும் அடிக்கவில்லை. வெளியே யாரோ மெதுவாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டையை அவிழ்த்துவிட்டு, கட்டிய புடவையோடு மறுபடியும் படுத்துக்கொண்டேன்.